ஜிம்மிக்கு எத்தனை சுண்டு? வளரும் நாய்க்குட்டியின் தீன் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் நான் ஒரு தீன் கடை வைத்திருக்கிறேன். கோழித்தீன், மாட்டுத்தீன், தவிடு, பிண்ணாக்கு, ஒரு மூலையில் நாய்க்கு உலர் தீன். கோழிக்கு எவ்வளவு போடுவது என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளரும். நாய்க்குட்டிக்கு அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்துக் குட்டிகளில் முக்கால்வாசி கலப்பு, எது எந்த அளவில் போய் நிற்கும் என்று தாய்க்கே தெரியாது. ஆனாலும் கேட்பவர்கள் சுண்டுக் கணக்கில், அதாவது பால்பேணிக் கணக்கில், ஒரே ஒரு எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள். "ஒரு நாளைக்கு எத்தினை சுண்டு எண்டு மட்டும் சொல்லுங்கோ, அது காணும்."

அந்த ஒரு எண் ஏன் போதாது என்பதைக் காட்ட ஒரு குட்டியின் கதையை முழுக் கணக்கோடு எழுதுகிறேன். வீட்டுக்காரர் சம்மதித்துத்தான் எழுதுவது, அவர்களின் பெயர் வேண்டாம். குட்டியின் பெயர் ஜிம்மி, அதை எழுதுவதால் யாரையும் அடையாளம் காண முடியாது, எங்கள் வீதியில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் ஜிம்மி நிற்கிறது.

வந்தபோது இருந்த நிலை

ஆண் குட்டி, வயது 11 வாரம் என்றார்கள். பாற்பற்கள் முழுதாக முளைத்திருந்தன, நிலைப்பல் ஒன்றும் வெளிவரவில்லை, ஆகவே சொன்ன வயது பொருந்தியது. தாய் ஊர் நாய், பக்கத்து ஒழுங்கையில் நிற்கிறது. தகப்பன் அல்சேஷன் என்பது குட்டியைக் கொடுத்தவரின் வாக்கு. வீட்டில் ஒரு அக்கா, அவருடைய தாயார், இரண்டு பெடியள். பின்வளவில் கச்சான் தோட்டம், இரவில் பன்றி இறங்கும், அதற்குக் காவலாக ஒரு பெரிய நாய் வேண்டும் என்றுதான் வாங்கியிருக்கிறார்கள்.

அக்கா கடைக்கு வந்து சொன்ன முறைப்பாடு இதுதான்: "தம்பி, கோப்பை நிறையப் போடுறன், மேலிலை பிடிக்குதில்லை. வயித்தாலையும் போகுது. இந்தத் தீன் சரியில்லையாக்கும், வேறை ஒண்டு தாங்கோ." கடைக்காரனுக்கு இதைவிட இனிப்பான பேச்சு இல்லை, வேறு பை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கலாம். குட்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

முதுகில் கை வைத்தால் முள்ளந்தண்டு ஒவ்வொரு கணுவாகத் தட்டுப்பட்டது, இடுப்பெலும்பு துருத்தி நின்றது, வயிறு மட்டும் உருண்டு கீழே தொங்கியது. மயிர் மங்கல். முரசை, அதாவது பல் ஈறைப் பார்த்தேன், வெளிறின இளஞ்சிவப்பு. மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் தொங்குதராசு என்னிடம் ஒன்று இருக்கிறது. மரக்கறிப் பையின் அடியில் நாலு ஓட்டை வெட்டி, கால்களை அதனூடாக வெளியே விட்டு, குட்டியைத் தூக்கி மாட்டினால் துள்ளாமல் தொங்கும், வெறும் பையின் நிறையை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். 4.0 கிலோ.

குட்டி உண்மையில் எவ்வளவு தின்றது?

காலையில் பால்மாக் கரைசலும் மாரி பிஸ்கட்டும். மதியம் வீட்டுச் சோறு, குழம்போடு. உலர் தீன் ஒன்றரைச் சுண்டு, குவித்து, "எந்த நேரமும் இருக்கட்டும்" என்று காலையிலேயே முற்றத்தில் வைத்துவிடுவார்கள். கடைசிப் பெடியனின் பிஸ்கட் இதில் சேராது, அது ஒருவருக்கும் தெரியாமல் போவது.

சுண்டு என்பது பால்பேணி அளவு. அரிசியைத் தலைதட்டி அளந்தால் கால் கிலோவுக்குக் கிட்ட வரும், அந்தப் பழக்கத்தில் ஒன்றரைச் சுண்டு தீன் என்றால் முந்நூற்றைம்பது, நாநூறு கிராம் போடுகிறோம் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். உலர் தீன் பொருமின சாமான், உள்ளே காற்று. கடைத் தராசில் அதே பேணியைத் தலைதட்டி வைத்தோம், 110 கிராம். குவித்து வைத்தால் 130, கையைப் பொறுத்து 135 கூட வரும். மணியின் பருமன் மாறினால் இதுவும் மாறும். ஆகவே ஒன்றரைச் சுண்டு என்றது கிட்டத்தட்ட 200 கிராம்.

சரி, 200 கிராம் தீனும் சோறும் பாலும் பிஸ்கட்டும் சேர்த்தால் 4 கிலோக் குட்டிக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் போகிறது (கலோரி என்று நான் எழுதுவதெல்லாம் கிலோ கலோரி). இது தேவையைவிட அதிகம், கணக்கைக் கீழே காட்டுகிறேன். அவ்வளவு தின்கிற குட்டிக்கு முள்ளந்தண்டு ஏன் தெரிகிறது? மூத்த பெடியனை ஒரு பகல் திண்ணையில் இருந்து கோப்பையைப் பார்க்கச் சொன்னேன். கோழிகள்தான். குட்டி நாலு வாய் தின்றுவிட்டு விளையாடப் போனதும் வீட்டுக் கோழி அத்தனையும் வந்து கோப்பையைச் சுற்றி நின்றிருக்கின்றன, மிச்சத்துக்குக் காகம், அதற்குப் பிறகு எறும்பு. முட்டை நன்றாக இடுகுது என்று அம்மம்மா சொல்லிக்கொண்டிருந்ததன் காரணமும் அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்த ஊரில் தீன் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நாள் முழுக்கக் கோப்பையைத் திறந்து வைக்கிற வீட்டில் எந்த அட்டவணையும் உதவாது. கோப்பையை 15 நிமிடம் வைத்து, முடிந்ததும் தூக்கிவிட வேண்டும். எறும்புக்கு, அகலமான தட்டில் தண்ணீர் விட்டு அதன் நடுவில் கோப்பையை வைத்தால் போதும்.

மற்றது பூச்சி. உருண்ட வயிறு, தெரிகிற முதுகு, மங்கின மயிர், வெளிறின முரசு, நாலும் சேர்ந்து வந்தால் தீனைக் கூட்டுவதற்கு முதல் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். எங்கள் மணல் பாங்கான, நிழலான, ஈரமான முற்றங்கள் கொக்கிப்புழுவுக்கு நல்ல இடம். அது இரத்தத்தைக் குடிக்கிற புழு, குட்டி தின்பதில் ஒரு பங்கு அதற்குத்தான் போகும். அதன் குடம்பி (இளம்புழு) வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் புகும், அதனால் இது நாயோடு மட்டும் நிற்கிற பிரச்சினை இல்லை. வைத்தியர் நிறையைக் கேட்டு அதற்கேற்பப் பூச்சி மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் கொடுக்கச் சொன்னார், அதற்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம். தடுப்பூசியையும் அன்றே தொடங்கினார். நிறை பார்க்காமல் கண்மதிப்பில் மருந்து வாங்கிப் போடுபவர்கள் நிறையப்பேர், தீனுக்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே நிறுவை போதும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பையில் எண் இல்லாவிட்டால்

அவர்கள் வாங்கியிருந்தது வெள்ளைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்த உதிரித் தீன். 2022 நெருக்கடியில் இறக்குமதித் தீனின் விலை ஏறினதிலிருந்து, பெரிய பையை உடைத்து அரைக் கிலோ, ஒரு கிலோவாகக் கட்டி விற்பது எல்லா இடமும் பரவிவிட்டது, நானும் விற்கிறேன். வாங்குபவருக்கு அது வசதிதான். ஆனால் குட்டிக்கானதா பெரிய நாய்க்கானதா, 100 கிராமில் எத்தனை கலோரி, எப்போது காலாவதி என்று ஒன்றும் பொலித்தீனில் இருக்காது. இப்போது நான் உதிரி கட்டும்போது பையில் அச்சிட்ட விபரத்தைப் படம் எடுத்து, பிரதி போட்டு உள்ளே வைக்கிறேன்.

இந்தக் குட்டிக்கு முத்திரை உடைக்காத சிறிய பை ஒன்று, வளரும் குட்டிக்கானது. அதில் கலோரி அச்சிடப்படவில்லை, பல மலிவுப் பைகளில் இருக்காது. புரதம் 28, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10 வீதம் என்று மட்டும் இருந்தது. இதிலிருந்து கலோரியை எடுக்கலாம். சாம்பல் (தாதுப்பொருட்கள்) அச்சிடாவிட்டால் 8 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் மாச்சத்து 38. புரதத்துக்கும் மாச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5. அப்படியென்றால் 98, 133, 102, மொத்தம் 100 கிராமுக்கு 333 கலோரி. பையில் போடும் புரதமும் கொழுப்பும் ஆகக் குறைந்த அளவுகள், ஆகவே உண்மையான கலோரி இதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் தொடங்குவதற்கு இது போதும்.

ரூட் பொத்தான் இரண்டு தடவை

நாய் ஒன்று சும்மா படுத்திருக்கும்போது ஒரு நாளைக்குத் தேவைப்படும் சக்தி, 70 ஐ நிறையின் 0.75 அடுக்கால் பெருக்கினால் வருவது. அடுக்கு என்றதும் பயப்பட வேண்டாம், கடையில் கிடக்கிற சாதாரணக் கல்குலேட்டரே போதும். நிறையை மூன்று தரம் பெருக்கி, ரூட் (√) பொத்தானை இரண்டு தடவை அமத்த வேண்டும். 4 பெருக்கல் 4 பெருக்கல் 4, 64. ரூட், 8. இன்னொரு ரூட், 2.83. அதை 70ஆல் பெருக்க 198 கலோரி. பால் மறந்ததிலிருந்து நாலு மாதம் வரைக்கும் குட்டிக்கு இதைப்போல மூன்று மடங்கு, அதற்குப் பிறகு வளர்ந்து முடியும்வரை இரண்டு மடங்கு என்பதுதான் மிருக வைத்தியர்கள் பொதுவாகப் பாவிக்கும் கணக்கு. ஜிம்மிக்கு அப்போது 594, தீனாகப் பார்த்தால் 178 கிராம். 180 என்று எடுத்தோம்.

இதில் முழுவதையும் உலர் தீனாகக் கொடுக்க அம்மம்மா விடமாட்டார் என்பது முதல் நாளே தெரிந்தது. "வீட்டிலை சோறு இருக்கேக்கை வாயில்லாச் சீவனுக்குக் கல்லுக் கல்லாப் போடுறதோ?" நான் வாதாடவில்லை. முழுமையான தீன் கொடுக்கும்போது பத்தில் ஒரு பங்கு கலோரி வேறு சாப்பாட்டில் போனால் பாதகமில்லை. 60 கலோரி என்பது அவரது கையால் ஒரு பிடி சோறு, நிறுத்துப் பார்த்தோம், 50 கிராம். அல்லது ஒரு சின்ன அவித்த முட்டை. குழம்பு பிரட்டக் கூடாது, எங்கள் குழம்பில் வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் இருக்காது, இரண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. கருவாடு உப்பு. கோழி எலும்பு அவித்தால் கூராக உடையும். பால்மாவை நிறுத்தச் சொன்னேன், பல குட்டிகளுக்குப் பாலே வயிற்றாலை போவதற்குக் காரணம். ஆகவே தீன் 160 கிராம், நாலு நேரமாக 40, ஒரு பிடி சோறு, பிஸ்கட் இல்லை. கடைசிப் பெடியனுக்கு இது நியாயமாகப் படவில்லை, கோப்பையில் இருந்து பத்து மணியை எடுத்துக் கையால் தீத்தலாம் என்று ஒப்பந்தம் செய்தோம்.

40 கிராமுக்கு வீட்டில் தராசு இல்லை. யோகட் கோப்பை ஒன்றில் கடையில் நிறுத்துப் போட்டு, நின்ற மட்டத்தில் மாக்கர் பேனையால் கோடு கீறிக் கொடுத்தேன். அந்தக் கோடு அந்தத் தீனுக்கு மட்டுமே செல்லும்.

முதல் வாரம் 100 கிராம்தான் கூடினான், 4.1. பூச்சி போகும் வாரம் அப்படித்தான் இருக்கும், அக்கா உடனே தீனைக் கூட்டக் கேட்டார், ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். மலம் இறுகியது. அடுத்த வாரம் 4.6, பிறகு 5.2, 5.8, நாலு மாதம் ஆகும்போது 6.4. வாரத்துக்கு வாரம் நிறுத்து, கணக்கைத் திருப்பிப் போட்டு, பத்துப் பதினைந்து கிராமாகக் கூட்டிப் போனோம். 230 கிராமை எட்டியபோது மலம் திரும்பவும் களியாகியது, 220க்கு இறக்கினோம், இரண்டு நாளில் சரி. உலர் தீன் கொடுக்கிறவர்கள் வயிற்றாலை போனால் தீன் பழுது என்று பை மாற்றுகிறார்கள், மாற்றினதால் இன்னும் போகும். குட்டி துடிப்பாக இருந்து, வாந்தியோ இரத்தமோ இல்லாமல் மலம் மட்டும் இளகினால் முதலில் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். சோர்ந்து படுத்தால் கதை வேறு, பார்வோ வைரஸ் நோய் என்றால் மணித்தியாலக் கணக்கில் ஆளை விழுத்தும், உடனே வைத்தியர்.

நாலு மாதத்தில் வரும் பள்ளம்

6.4 கிலோவுக்குக் கல்குலேட்டர் 282 என்கிறது. மூன்று மடங்கென்றால் 845 கலோரி, 254 கிராம். இரண்டு மடங்கென்றால் 563, 169 கிராம். நாலு மாதம் நிறைகிற அன்றைக்கு 85 கிராமைக் குறைக்கச் சொல்கிறது கணக்கு! எந்தக் குட்டியின் வயிறும் நாட்காட்டி பார்ப்பதில்லை. மூன்றும் இரண்டும் ஒரு நீண்ட சரிவின் இரண்டு முனைகள், நடுவில் இருக்கும் வாரங்களுக்குச் சூத்திரம் ஒன்றும் சொல்லாது.

நான் செய்வது இப்படி. நாலு மாதத்தில் கொடுக்கிற அளவு எதுவோ, மலமும் விலாவும் சரியாக இருந்தால், அதையே பிடித்துக்கொண்டு நிற்பது. குட்டி வளர வளர அதே அளவு தானாகவே இரண்டு மடங்குக்கு இறங்கி வரும். ஜிம்மிக்கு 220 கிராம் என்பது 733 கலோரி, அது 9 கிலோ நாய்க்குச் சரியாக இரண்டு மடங்கு. ஆகவே 6.4இலிருந்து 9 கிலோ வரும்வரை ஒரு கிராமும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. நேரத்தை மட்டும் நாலிலிருந்து மூன்றாக்கினோம். கணக்குத் தலையில் ஏறாத வீடுகளுக்கு இந்த முறை மிகவும் கைகொடுக்கிறது, ஒரு மாதத்துக்கு மேல் ஒரே கோடு, ஒரே கோப்பை.

இந்தக் காலத்தில்தான் விலாவைத் தடவிப் பார்க்கப் பழக்கினேன். கையை நீட்டிப் புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவினால் எப்படி இருக்குமோ, குட்டியின் விலா அப்படி இருக்க வேண்டும். பொத்தின முட்டி மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தால் மெலிவு, உள்ளங்கை மாதிரி அமத்தினால்தான் எலும்பு தெரியும் என்றால் கொழுப்பு. மேலே நின்று பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடை ஒடுங்க வேண்டும். கண் மட்டும் போதாது, சில குட்டிகளின் மயிர் ஏமாற்றும். வெய்யிலில் தோட்டத்தால் வந்த களைப்பில் அக்கா ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையும் மற்றக் கையில் குட்டியின் விலாவுமாக இருந்து எனக்கு ஃபோனில் சொல்லுவார்: "இண்டைக்குப் புறங்கை." அவ்வளவுதான் அறிக்கை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு கிழமை கோப்பையில் பாதியை விட்டான். பல் விழுகிற காலம், முரசு நோகும். தீனில் கொஞ்சம் வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கொடுத்தார்கள். ஊறின தீன் எங்கள் வெக்கையில் கெதியாகப் புளித்துவிடும், மிஞ்சினதைக் கோழிக்குக் கொட்டச் சொன்னேன், இந்தமுறை கோழிகளுக்கு அனுமதியோடு. மதியச் சாப்பாட்டையும் வெய்யில் தாழ்ந்த பிறகு வைத்தார்கள்.

முப்பது கிலோக் கனவு

22 வாரத்தில் 9.2 கிலோ, எல்லாம் ஒழுங்கு. இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தபோது 10.9. வாரத்துக்கு அரைக் கிலோ கூடிக்கொண்டிருந்த குட்டி முக்கால் கிலோவுக்கு மேல் கூடியிருந்தான். விலா உள்ளங்கைக்குப் போயிருந்தது, இடை இல்லை, மலம் இளகல். மூத்த பெடியன் பெரிய பை ஒன்று வாங்கி, அதன் முதுகில் இருந்த அட்டவணையைப் பார்த்து 320 கிராமுக்கு ஏற்றிவிட்டான். அவன் ஒழுங்காகத்தான் வாசித்திருந்தான். மாதம் சரி, நிரல் சரி. வளர்ந்த பிறகு இருக்கப்போகும் நிறை என்ற வரிசையில் 30 கிலோவை எடுத்திருந்தான், தகப்பன் அல்சேஷன் அல்லவா.

குட்டித் தீன் பைகளில் பெரும்பாலும் அட்டவணை அப்படித்தான் இருக்கும், குட்டியின் இப்போதைய நிறையை அது கேட்காது, வளர்ந்தால் எவ்வளவு என்று கேட்கும். சாதி நாய் என்றால் அதற்கு விடை இருக்கிறது. கலப்புக் குட்டிக்குக் கேட்பவரின் ஆசைதான் விடையாகிறது. அந்தப் பையில் 15–20 கிலோ வரிசைக்கும் 30 கிலோ வரிசைக்கும் நடுவில் கிட்டத்தட்ட 100 கிராம் வித்தியாசம்.

பாதம் பெரிசு, காது பெரிசு என்று ஆயிரம் அடையாளம் சொல்லுவார்கள், நான் அவற்றை நம்புவதில்லை. தாயைத் தூக்கி நிறுத்தோம், 14 கிலோ. வோல்த்தம் என்ற செல்லப்பிராணி ஆய்வு நிறுவனம் இலவசமாக வெளியிட்டிருக்கும் குட்டி வளர்ச்சி வரைபடங்கள் இருக்கின்றன, வளர்ந்த நிறைப்படி பிரித்து, 12 வாரத்திலிருந்து இரண்டு வயது வரை. சாதி நாய்களை வைத்துச் செய்தவைதான், ஆனாலும் 15–30 கிலோ ஆண் வரைபடத்தில் ஜிம்மியின் புள்ளிகளை வைத்துப் பார்த்தால் பூச்சி போனதிலிருந்து 22 வாரம் வரை கீழ்க் கோடுகளில் ஒன்றைப் பிடித்து ஒழுங்காக ஏறியிருந்தான், கடைசி இரண்டு வாரத்தில் கோட்டை விட்டு மேலே பாய்ந்திருந்தான். கூட்டித் தீன் போட்டால் குட்டி சீக்கிரமாக வளருமே தவிர, எலும்புச் சட்டத்தின் அளவு கூடாது. 16, 17 கிலோவில் நிற்பான் என்று சொன்னேன். பெடியனின் முகம் தொங்கிவிட்டது. பன்றியைக் கலைக்க நிறை தேவையில்லை, குரல் போதும் என்று அக்காதான் அவனைத் தேற்றினார்.

10.9 கிலோவுக்கு இரண்டு மடங்கு 840 கலோரி, 252 கிராம். கொழுப்பு இருந்ததால் 240க்கு இறக்கினோம். இரண்டு வாரம் நிறை அசையவில்லை, உயரம் மட்டும் கூடியது, அதற்குப் பிறகு பழைய சரிவில் ஏறத் தொடங்கினான்.

இறக்கினது அம்மம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கொழுத்த நாய்தான் நல்ல நாய் என்பது அவருடைய கட்சி, பசியை நேரில் பார்த்த ஆள், எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறையோடு சாப்பாட்டைக் குறைப்பது பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். அவரிடம் நான் சொன்னது லாப்ரடோர் நாய்களில் செய்த ஒரு ஆய்வை. 48 குட்டிகளைச் சோடி சோடியாக எடுத்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி குறைத்துச் சாகும்வரை கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2002இல் வெளிவந்தது. குறைத்துத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு வாதமும் பிந்தித்தான் வந்தது. "அப்ப ரெண்டு வருசம் கூடக் காவல் காக்கும் எண்டுறீர்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, பிடி மட்டும் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

யாரோ கல்சியம் குளிசை கொடுக்கச் சொன்னார்கள் என்று அக்கா ஒரு முறை கேட்டு வந்தார், எலும்பு பலக்குமாம். வளர்ச்சிக்கான முழுமையான தீன் தின்கிற குட்டிக்கு அது வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியின் குடல் மேலதிகக் கல்சியத்தைத் தடுக்கப் பழகியிருக்காது, கொடுத்ததை உறிஞ்சும், பெரிய சாதிக் குட்டிகளில் அதுவே எலும்பைக் கோணலாக்கும். வெறும் சோற்றிலும் மீனிலும் வளர்கிற குட்டி என்றால் நிலைமை நேரெதிர், அங்கே கல்சியம் காணாது, அந்த அளவை வைத்தியரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

அதற்குப் பிறகு

ஏழு மாதத்தில் 13.5 கிலோ, வைத்தியர் நலம் அடித்தார் (விதை நீக்கினார்). அப்போது 280 கிராம் அளவில் நின்றோம். நலம் அடித்த பிறகு தேவை கிட்டத்தட்டக் கால்வாசியால் குறையும், பசி குறையாது, கூடினாலும் கூடும். காயம் ஆறினதும் 230க்கு வந்தோம், இரண்டு நேரமாக. பத்து மாதத்தில் 16.3 கிலோ, தீன் 240. சூத்திரம் இதைவிடக் கூடத்தான் கேட்கிறது. ஆனால் விலா புறங்கையில் நிற்கிறது, இரவில் பன்றியைக் கலைத்துவிட்டு விடியப்புறம் அயல் வீட்டுக் குசினிப் பக்கம் போய் மீன் கழிவு தின்றுவிட்டு வருகிறான் என்றும் கேள்வி. அதை நிறுக்க வழியில்லை, அதனால் கோப்பையில் குறைத்துத்தான் ஈடுசெய்கிறோம்.

ஒரு வயதில் பெரிய நாய்த் தீனுக்கு மாற்ற இருக்கிறோம். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கலந்து ஒரு கிழமை, பத்து நாளில் முழுதாக மாற்றுவது. 333 என்ற எண்ணை அன்றைக்கே மறந்துவிட்டுப் புதிய பையின் எண்ணைக் கணக்கில் போட வேண்டும், யோகட் கோப்பையின் பழைய கோட்டை அழித்துவிட்டு வேறு நிறத்தில் கீறுவதற்கு மூத்த பெடியன் இப்போதே ஒரு சிவப்பு மாக்கர் வாங்கி வைத்திருக்கிறான்.